பேய் பிடித்தால் பேசலாம், பணம் கட்டினால் படுக்கலாம்

பகுத்தறிவு பேசும் நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போடிக்குப் பக்கத்து ராசிங்காபுரத்தில் ஒரு வீட்டு வாசலில் கோடாங்கி உட்கார்ந்து உடுக்கை அடிக்கிறார். எதிரே, பல நாளாகச் சோறு இறங்காமல், யாரோடும் பேசாமல் கிடக்கும் மருமகள். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? மூடநம்பிக்கை. யோசிக்கவே மாட்டீர்கள். சரி. அதே ஊரிலிருந்து மேற்கே நிமிர்ந்தால் தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு சொகுசு விடுதி என்று வைத்துக்கொள்வோம். மரத்தரையில் மெத்தை விரித்துப் பத்துப் பேர் கண்மூடிப் படுத்திருக்கிறார்கள். ஒருவர் வெண்கலக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு கட்டையை மெல்லச் சுற்றுகிறார். ரீங்காரம் எழுந்து அறை முழுக்கப் பரவுகிறது. சவுண்ட் ஹீலிங். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

இங்கே நமக்குத் தொண்டை கம்மிவிடுகிறது. "அது வெறும் ரிலாக்சேஷன்தானே... மாத்திரை மருந்து இல்லாத மென்மையான முறை... யாருக்கு என்ன கெடுதல்?"

ஏழையின் உடுக்கையைப் பிடுங்கக் கை நீள்கிறது. பணக்காரரின் கிண்ணத்தைக் கண்டால் அதே கை மடங்கி உட்கார்ந்துகொள்கிறது. இந்த ஓரவஞ்சனையை வைத்துக்கொண்டு நாம் பகுத்தறிவாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இரண்டையும் ஒரே தராசில் வைப்போம்.

முதலில் கிண்ணம். 'ஆயிரமாண்டுத் திபெத்திய மருத்துவம்' என்ற பட்டத்தோடு அது வருகிறது. திபெத்திய மருத்துவம் என்று ஒன்று உண்டு. நாடி பார்ப்பதும் மூலிகை கொடுப்பதும் அதன் வழி. இந்தக் கிண்ணமோ உலகெங்கும் பேர் வாங்கியது 1972இல், ஹென்றி வுல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் என்ற இருவர் வெளியிட்ட 'திபெத்தன் பெல்ஸ்' என்ற இசைத்தட்டுக்குப் பிறகு. ஏழு கிரகத்துக்கு ஏழு உலோகம் சேர்த்து வார்த்தது என்பார்கள். சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம்தான். நம் கோயில் மணியும் அதே சாதி.

அடுத்தது எண். '528 ஹெர்ட்ஸ் மரபணுவைச் சீர்செய்யும்' என்று விளம்பரம். இந்த எண்ணை ரிஷி யாரும் தவமிருந்து கண்டுபிடிக்கவில்லை. ஜோசப் புலியோ என்ற அமெரிக்கர், விவிலியத்தின் எண்ணாகமம் நூலில் வரும் வசன எண்களைக் கூட்டிக் குறைத்துச் சில எண்களைப் பெற்றதாகச் சொன்னார். லெனார்ட் ஹாரோவிட்ஸ் என்ற பல் மருத்துவரோடு சேர்ந்து 1999இல் அதைப் புத்தகமாகப் போட்டார். பெயர்ப் பலகையில் எழுத்தைக் கூட்டிப் பார்த்து இரண்டு 'ஏ' சேர்க்கச் சொல்லும் நம்மூர் நியூமராலஜிக்கும் இதற்கும் வித்தியாசம் எவ்வளவு?

ஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. நொடி யார் செய்தது? ஒரு நாளை 24 மணியாக, மணியை 60 நிமிடமாக, நிமிடத்தை 60 விநாடியாக மனிதன் வெட்டினான். 86,400 துண்டில் ஒரு துண்டு நொடி. நம் பாட்டனார் வேறு மாதிரி வெட்டினார். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை. ஒரு விநாழிகை இன்றைய கணக்கில் 24 நொடி. அந்தக் கணக்கில் போனால் இந்த மந்திர ஒலி விநாழிகைக்கு 12,672 அதிர்வு ஆகிவிடும். 528இல் இருந்த தெய்வீகம் அப்போது எங்கே போகும்? மணி பார்க்கும் முறையை மாற்றினால் மறைந்துபோகிற மகிமை, மரபணுவுக்குள் புகுந்து எதைச் சீர்செய்யப்போகிறது? நம் உயிரணுவுக்குள் நொடிமுள் மாட்டவில்லை.

ஒலிக்கு உடம்பில் வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. போடியில் கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன், காதுக்கு எட்டாத ஒலியின் எதிரொலிதான். சிறுநீரகக் கல்லை வெட்டாமல் கொள்ளாமல் வெளியிலிருந்தே அதிர்வலையால் உடைக்கும் சிகிச்சை 1980இல் மியூனிக்கில் முதன்முதலாக மனிதருக்குச் செய்யப்பட்டது. கல் எங்கே இருக்கிறது, அலை எங்கே குவிய வேண்டும், எவ்வளவு அழுத்தம், எத்தனை முறை என்று ஒவ்வொன்றுக்கும் அங்கே அளவு உண்டு. உடையாவிட்டால் உடையவில்லை என்று எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். தோற்க வழியுள்ள இடத்தில்தான் மருத்துவம் வளரும். 'உங்கள் சக்கரம் சமநிலை அடைந்தது' என்று கிண்ணத்துக்காரர் சொல்வதைப் பொய்யென்று காட்ட எந்த எக்ஸ்ரே இருக்கிறது?

மனத்தை ஆற்றும் வேலையும் ஒலிக்கு உண்டு. அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு இசை கேட்கச் செய்து நடத்திய 73 ஆய்வுகளைத் தொகுத்து 'லான்செட்' இதழ் 2015இல் வெளியிட்டது. வலியும் பதற்றமும் குறைந்தன, வலிமருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது. ஆனால் மருத்துவமனையில் தங்கும் நாள் குறையவில்லை. இசை நோயாளியைத் தேற்றியது. புண்ணை ஆற்றியது உடம்பும் மருந்தும். இதைச் சொல்ல நமக்கு லான்செட் தேவையும் இல்லை. தேவாரம் தாண்டினால் பண்ணைப்புரம். அந்த ஊர்க்காரர் இளையராஜாவின் பாட்டு ஓடினால் மலையேறுகிற ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களின் முகம் கொஞ்சம் இளகும். அந்தப் பாட்டு சர்க்கரையைக் குறைக்கும், கட்டியைக் கரைக்கும் என்று யாரும் சீட்டு எழுதித் தருவதில்லை. அதுதான் அதன் யோக்கியம்.

கிண்ணத்துக்கும் ஆய்வு உண்டு. 2017இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 62 பேரைப் படுக்கவைத்துக் கிண்ணம் ஒலித்தார்கள். இறுக்கம், கோபம், அசதி, சோர்வு எல்லாம் குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கிண்ணம் இல்லாமல் சும்மா படுத்திருந்த இன்னொரு கூட்டம் அந்த ஆய்வில் இல்லை. எனவே கேள்வி அப்படியே நிற்கிறது: குறைத்தது கிண்ணமா, படுத்ததா?

இந்தக் கேள்வியோடு கோடாங்கியிடம் போவோம்.

உடுக்கை இடுப்பு சிறுத்த வாத்தியம். இரு முகத்திலும் மெல்லிய தோல். நடுவிலுள்ள கயிற்றை இடக்கை இறுக்கினால் தோல் விறைத்து ஒலி உச்சத்துக்கு ஏறும். விட்டால் தொய்ந்து இறங்கும். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, வேகம் கூடிக்கொண்டே போகும். சாம்பிராணிப் புகை. ஜக்கம்மா பேர். சுற்றிலும் சனம். அந்தப் பெண்ணின் தலை ஆடத் தொடங்கும். கோடாங்கி கேட்பார்: "யாரு நீ? எந்தத் தெக்கிருந்து வந்த? எதுக்கு இந்தப் புள்ளையப் புடிச்ச?"

பதில் வரும். ஒரு மாதமாகத் திறக்காத வாய் திறக்கும். நல்லது கெட்டதுக்கும் பிறந்த வீட்டுக்கு அனுப்பாதது வெளியே வரும். தாலியைத் தவிர மிச்ச நகையை அடகு வைத்தது வரும். குடித்துவிட்டு வந்து அடித்தது வரும். அடித்தவன் அங்கேயேதான் நிற்பான். மாமியாரும் நிற்பார். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். பேசுவது மருமகள் இல்லையே, பேயாயிற்றே! மருமகள் பேசினால் கன்னத்தில் விழும். பேய் பேசினால் ஊரே கைகட்டிக் கேட்கும்.

ஆக உடுக்கை என்ன செய்தது? அதிர்வெண்ணால் நரம்பை மீட்டவில்லை. அவளுக்கு ஒரு நாள் மட்டும் வாய் கொடுத்தது. கிண்ணம் என்ன செய்கிறது? ஓய்வே தெரியாத ஒருவரை, போனை அணைத்து, பேச்சை நிறுத்தி, ஒரு மணி நேரம் மல்லாந்து படுக்கவைக்கிறது. சும்மா படுத்தால் சோம்பேறி. கட்டணம் கட்டிப் படுத்தால் ஹீலிங். கீழே பேச்சுரிமை, மேலே படுக்கும் உரிமை. இரண்டையும் நேராகக் கேட்டால் தராத சமூகம், ஒன்றைப் பேயின் பேரிலும் இன்னொன்றை ஹெர்ட்ஸின் பேரிலும் கொஞ்சமாக அளந்து தருகிறது. குணமாவது உண்மை, குணமாக்கியது எது என்பதில்தான் பொய்.

திருவல்லாவில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் இதைத் தெளிவாகப் பிடித்தவர். அற்புதம் செய்து காட்டுபவருக்கு லட்ச ரூபாய் என்று 1963இல் அவர் விட்ட சவாலைத்தான் நாம் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். பேய் பிடித்தவர், கல் விழும் வீடு என்று வந்த வழக்குகளை அவர் விசாரித்த முறையை அவ்வளவாகச் சொல்வதில்லை. பேய் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து வந்துவிட மாட்டார். அந்த வீட்டுக்குள் யாருக்கு என்ன குமைச்சல் என்று ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்பார். பேயை விரட்டுவதோடு நின்றால் அது பாதி வேலை; பேய் வர வேண்டிய தேவை ஏன் வந்தது என்று கேட்பது மீதி வேலை.

மந்திரம் இல்லாமல் ஆதரவே ஆளைத் தேற்றலாம் என்பதற்கு மருத்துவ இதழிலேயே ஒரு சான்று கிடக்கிறது. வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் மனநோயாளிகளைக் கொண்டுவந்து தங்கவைக்கும் வழக்கம் உண்டு. ரகுராமும் சக மனநல ஆய்வாளர்களும் அங்கே தங்கிய 31 பேரை வந்தபோதும் போகும்போதும் பரிசோதித்து, 2002இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார்கள். நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. சில மருந்துகள் தரும் பலனுக்கு ஈடான குறைவு அது. அங்கே பெரிய சடங்கு ஒன்றும் நடக்கவில்லை. சொந்தக்காரர் ஒருவர் கூடவே இருந்தார், கோயிலில் சின்னச் சின்ன வேலை கொடுத்தார்கள், மிரட்டல் இல்லை. ஆதரவான அந்தச் சூழலே பலன் தந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் முடிவு. இந்த ஆய்விலும் ஒப்பிட இன்னொரு கூட்டம் இல்லை. அதனால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அது காட்டும் திசை நமக்குப் பழக்கமானதுதான்: தங்க இடம், கூட ஆள், அவமதிப்பில்லாத நாலு நாள்.

"அப்படியானால் விட்டுவிட வேண்டியதுதானே, பேய் என்று சொன்னால் என்ன, ஹெர்ட்ஸ் என்று சொன்னால் என்ன, ஆள் தேறினால் போதாதா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். போதாது. ஏன் என்றால், பொய்யான காரணம் உண்மையான குற்றவாளியைத் தப்பவிடுகிறது.

உடுக்கை ஓய்ந்த பிறகு என்ன நடக்கிறது? எலுமிச்சம்பழம் அறுபடும். உச்சிமுடியில் ஒரு கொத்தைப் பிடுங்கிப் புளிய மரத்தில் ஆணி அடிப்பார்கள். பேய் போய்விட்டது. அது சொன்ன புகாரும் அதோடு போய்விட்டது. நகை மீளவில்லை, அடி நிற்கவில்லை, அவள் அதே அடுப்படிக்குத் திரும்புகிறாள். பழி முழுவதும் புளிய மரத்தில். வீட்டில் இருப்பவர்கள் அத்தனை பேரும் நிரபராதி. இனி அவள் வாய் திறக்க வேண்டுமென்றால் இன்னொரு பேய் பிடிக்க வேண்டும்.

மலை மேலும் இதே தீர்ப்பு. இரவு பத்து மணிக்கும் மீட்டிங் வைக்கும் கம்பெனியில் வேலை செய்து தூக்கம் கெட்டவர், 'என் அதிர்வு சரியில்லை' என்று நம்பிக்கொண்டு வீடு திரும்புகிறார். திங்கட்கிழமை அதே மீட்டிங். பழி சக்கரத்தின் மேல், மேலாளர் நிரபராதி. ஊழியர் நலன் என்று சொல்லிக் கம்பெனியே காசு கொடுத்துக் கிண்ணம் தட்டும் ஆளைக் கூட்டிவரவும் செய்யும். வேலை நேரத்தைக் குறைப்பதைவிடக் கிண்ணம் மலிவு.

'மென்மையானது, கெடுதலில்லை' என்ற வாதத்துக்கு வருவோம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டம், நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு, ரத்த அழுத்தம், காது கேளாமை என்று 54 நோய்களைப் பட்டியலிட்டு, தாயத்து, மந்திரம் போன்றவற்றால் இவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. கோடாங்கிக்கு இந்தச் சட்டம் தெரியாது; 'குணமாகும்' என்று துணிந்து சொல்லி மாட்டிக்கொள்வார். விடுதியின் விளம்பரம் எழுதுபவருக்குத் தெரியும். 'உதவக்கூடும்', 'சமநிலைக்கு வழிவகுக்கும்', 'ஆற்றலைத் தூண்டும்' என்று பிடிகொடுக்காத சொல்லாகப் போடுவார். அந்த மென்மை நம் உடம்பின் மேல் வைத்த கரிசனம் இல்லை, வக்கீலின் மேல் வைத்த பயம். இதை நம்பி மார்பில் தட்டுப்படும் கட்டியை ஆறு மாதம் ஒலியிலேயே ஆற்றிக்கொண்டிருந்தால், கிண்ணத்துக்காரர் பதில் சொல்ல வரப்போவதில்லை.

நம்பிக்கைச் சிகிச்சையின் கடைசிப் படி எங்கே இறங்கும் என்று நமக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் ஒரு மனநல விடுதியில் தீப்பிடித்தது. தர்காவில் குணமாகும் என்று நம்பிக் குடும்பத்தார் விட்டுப்போன நோயாளிகள். கால் சங்கிலி. ஓட முடியாமல் 28 பேர் வெந்துபோனார்கள். கிண்ணம் தட்டுபவர் யாரையும் சங்கிலியில் கட்டுவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏர்வாடிக்குப் போன குடும்பமும் கொலை செய்யப் போகவில்லை. 'மருந்து பலிக்காத இடத்தில் இதையும் பார்ப்போம், என்ன கெட்டுவிடப்போகிறது' என்றுதான் போனது. 'என்ன கெடுதல்' என்ற வாக்கியம் படித்தவர் வாயில் வந்தால் மட்டும் தூய்மையாகிவிடாது.

உடுக்கை, கிண்ணம் என்ற இந்த இரண்டு சிகிச்சையும் எட்டாத ஒருத்தி இருக்கிறாள். விடியுமுன் எழுந்து, சோறு பொங்கித் தூக்குச்சட்டியில் அடைத்து, ஜீப் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவையும் கடந்து காய் எடுக்கப் போகிறவள். ஏலச்செடியில் காய் தலைக்கு மேல் காய்ப்பதில்லை. தூரில் கிளம்பும் சரம் மண்ணோடு படர்ந்து கிடக்கும். அவள் குத்தவைத்து, சரத்தை விலக்கி, பழுத்ததை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். பிஞ்சு வந்தால் கங்காணி சத்தம் போடுவார். ஈரத்தில் அட்டை ஏறும். மருந்தடித்த வாடை தொண்டையில் நிற்கும். மாலையில் இடுப்பு நிமிராது. இறங்கி வந்தால் வீட்டில் இரண்டாவது வேலை காத்திருக்கும். தினக்கூலிக்குப் போகிறவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்தால் அன்றைய கூலி இல்லை.

அவள் எடுத்த காய்க்கு இருக்கிற மரியாதையைப் பாருங்கள். ஸ்டோரில் இத்தனை டிகிரி சூட்டில் காயவைத்து, எட்டு மில்லிமீட்டரா ஏழா என்று சலித்துப் பிரித்து, போடி ஏலத்தில் கம்ப்யூட்டர் திரையில் விலை ஓடும். காய்க்கு மில்லிமீட்டர் கணக்கு, கிண்ணத்துக்கு ஹெர்ட்ஸ் கணக்கு. அவள் தூங்கிய மணிக்கு எந்தப் பேரேட்டிலும் கணக்கில்லை. 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் முதலில் ஏலம் இல்லவே இல்லை. 1981இல் திருத்தம் வந்துதான் ஏலத்தோட்டம் உள்ளே நுழைந்தது. அதுவும் 5 ஹெக்டேர் நிலமும் 15 ஆட்களும் இருந்தால்தான் பொருந்தியது. சின்னத் தோட்டத்துக்குத் தினமும் மலையேறி இறங்கியவளுக்கு அந்தச் சட்டத்தின் வாராந்தர விடுப்பும் ஓய்வு நேரமும் காகிதத்தில்கூட எட்டவில்லை. சவுண்ட் ஹீலிங் விற்பது எதை? ஒரு மணி நேர ஓய்வை. அந்தச் சரக்கு யாருக்கு அதிகம் தேவையோ, அவளுக்கு அது கனவிலும் கட்டுப்படியாகாது. தோட்டத்தின் பச்சையைப் பார்த்துக்கொண்டே படுத்து எழுந்தவர், அந்தப் பச்சைக்குள் குத்தவைத்திருப்பவளைப் பார்ப்பதும் இல்லை.

ஆகவே கிண்ணத்தை உடைக்கச் சொல்ல மாட்டேன். ஒலி பிடித்திருந்தால் கேளுங்கள், படுத்து எழுங்கள், தேநீர் குடியுங்கள். ஓய்வு எடுத்தேன் என்று சொல்லுங்கள். ஓய்வை ஓய்வென்று சொல்லிவிட்டால் ஒரு சங்கடம் உண்டு: அதை எல்லாருக்கும் கேட்க வேண்டிவரும். ஹெர்ட்ஸ் என்று சொல்லிக்கொண்டால் அந்தச் சங்கடம் இல்லை, தனியாக வாங்கிக்கொள்ளலாம். உடுக்கைக்காரரையும் போலீஸில் பிடித்துக்கொடுப்பதோடு நம் வேலை முடியாது. அவர் போன இடத்தில் அந்தப் பெண் பேச வேறு திண்ணை வேண்டும். அவள் பேயாகாமலே பேசினாலும் கேட்க ஆள் வேண்டும். ஆட வைத்தால்தான் பேச்சு வரும் என்ற நிலையை வைத்துக்கொண்டு, ஆட வைப்பவரை மட்டும் கைது செய்வது நம் வசதிக்கான பகுத்தறிவு.

இனி யாராவது ஒலியால் குணமானேன் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். எப்படி என்று தெரியும்? இது முதல் கேள்வி, பொய்யைப் பிரித்துவிடும். இத்தனை நாள் உங்களைப் பேசவிடாமல், தூங்கவிடாமல் செய்தது யார்? இது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியை மேடையில் கேட்டு நமக்குப் பழக்கம். இரண்டாவதை வீட்டுக்குள் கேட்டுப் பாருங்கள். பெரியார் படம் மாட்டிய வீட்டிலும் கடைசியாகச் சாப்பிடுவது மருமகள்தான். விடுப்பு கேட்கத் தயங்குவது வீட்டு வேலைக்கு வருகிற அம்மாள்தான். கோடாங்கி "யாரு நீ" என்று பேயைப் பார்த்துக் கேட்கிறார். அந்தக் கேள்வி வந்து சேர வேண்டிய முகவரி நாம்.